பேஸ் பிளேட்டுக்கு அடியில்

கருட சேவை அன்று விடிகாலையில் காஞ்சிபுரத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். கூட்டம் முழுக்க அண்ணாந்து குடையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது. அவர் எங்கள் ஆபீஸ் வாசலில் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலின் இரும்புக் கால் ஒன்றின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“அடியில என்னா வச்சிருக்கீங்க?” என்று பந்தல்காரரைக் கேட்டார்.

“செங்கல்லு மேடம்.”

“முழுசா?”

“அரை. இன்னும் ரெண்டு மணி நேரத்துல பிரிச்சிடுவோம் மேடம்.”

“அந்த ரெண்டு மணி நேரமும் ஜனங்க இதுக்குக் கீழ தானே நிக்கப் போவுது?”

பந்தல்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். சுவாமி அடுத்த தெரு திரும்புவதற்குள் அவர் எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து செங்கல்லை எடுத்துவிட்டு வைக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம்தான் மேடம் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, “சாமி போயிடுச்சாண்ணா?” என்று கேட்டார்.

அவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். சாயக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் சொந்தமாக ஆபீஸ் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் அவரிடம் வரைபடம் போடுகிறவன். அவருக்கு அப்போது முப்பது வயது, எனக்கு நாற்பத்திரண்டு. அதனால் அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை மேடம் என்பேன். இது ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய கதை.

அதற்கு முன்னால் நான் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் கரை டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மயிலின் கழுத்து எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதில் முதலாளிக்கும் எனக்கும் தகராறு வந்தது. மயில் அவர் பக்கம் வளைந்தது, நான் வெளியே வந்தேன். இரும்பு ஷெட்டில் மயிலுக்கு வேலை இல்லை, நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்துத்தான் இவரிடம் சேர்ந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிரே இருப்பவர் முகம் கோணாமலிருக்க என்ன சொல்ல வேண்டுமோ அது என் வாயில் தானாக வரும். சேலைக் கடையில் வளர்ந்த வாய். அடர்ந்த நிறம் கேட்டால் அடர்த்தி என்பேன், வெளிறிய நிறம் கேட்டால் அதையே வெளிர் என்பேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றியதே இல்லை. மேடத்திடம் இந்த வாய் செல்லுபடியாகவில்லை. அவர் வாயைப் பார்ப்பதில்லை, அடியில் பார்ப்பவர்.

அவருடைய கைப்பையில் உடைந்த ஹேக்ஸா பிளேடு ஒன்று கைக்குட்டையில் சுற்றியபடி எப்போதும் இருக்கும். இரும்பறுக்கும் வாளின் பிளேடு, ஒரு சாண் நீளம். எந்த ஷெட்டுக்குப் போனாலும் முதலில் தூணின் காலடிக்குப் போவார். தூணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் அந்த பிளேடைச் செருகிப் பார்ப்பார். நுழையாவிட்டால் எழுந்துகொள்வார். நுழைந்துவிட்டால் அன்றைக்கு மேஸ்திரிக்குச் சாப்பாடு இறங்காது.

பேஸ் பிளேட் என்பது பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. இரும்புத் தூணின் அடியில் பற்றவைக்கும் சதுரமான தகடு. ஈரத் தரையில் கட்டில் போட்டால் கால் இறங்காமலிருக்க அடியில் பலகை வைப்போமே, அந்த வேலைதான். தூணின் பாரத்தை ஒரே இடத்தில் குத்தாமல் கான்கிரீட் பீடத்தின் மேல் பரப்பி விடும். பீடத்திலிருந்து நாலு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும், தகட்டின் ஓட்டைகள் அவற்றில் போய் உட்காரும். மட்டம் பார்ப்பதற்காகத் தகட்டைப் பீடத்திலிருந்து ஒன்றரை அங்குலம் தூக்கி நிறுத்துவார்கள். மட்டம் சரியானதும் அந்த இடைவெளியில் சுருங்காத சிமெண்ட் கலவையைக் கூழ் மாதிரி கரைத்து ஊற்றுவார்கள். அதற்கு கிரவுட் என்று பெயர். அதைப் பலபேர் ஊற்றுவதே இல்லை. விளிம்பில் மட்டும் சாந்தைப் பூசி மூடிவிடுவார்கள், வெளியிலிருந்து பார்க்க லட்சணமாக இருக்கும். மேடத்தின் பிளேடு அதற்குத்தான்.

“வீடு மாதிரி நெனைச்சிக்கிறாங்கண்ணா,” என்பார். “வீடு உக்காரும். ஷெட்டு உக்காராது, பறக்கத்தான் பாக்கும். மேல தகரம், நாலு பக்கம் காத்து. அதைப் புடிச்சிக்கினு இருக்கறது அந்த நாலு போல்ட்டு தான்.”

கணக்கில் தகட்டுக்குப் பதினாலு மில்லிமீட்டர் கனம் வந்தால் பதினாறு என்று எழுதுவார். ஷெட் கட்டுகிறவர் பன்னிரண்டு கைவசம் இருக்கிறது என்பார். மேடம் சிரித்த முகத்தோடு கணக்குத் தாளை அவர் பக்கம் திருப்பி வைப்பார். அவர் அதைத் தலைகீழாகப் பார்த்தாலும் நேராகப் பார்த்தாலும் ஒன்றுதான். கடைசியில் பதினாறு வாங்கிவிடுவார்.

நான் சேர்ந்த புதிதில் வாலாஜாபாத்தில் ஒரு நெல் குடோன். மேற்குப் பக்கம் பக்கத்து மனைக்காரரின் சுவர். அதனால் அந்த வரிசையில் பேஸ் பிளேட்டுகள் சுவர்ப் பக்கம் நீள முடியாது, உள்பக்கமாகத் தள்ளி வரைய வேண்டும். மேற்கு வரிசையில் ஏழு தகடுகளையும் ஒழுங்காக வரைந்தேன். அப்புறம் பழக்கதோஷம். சேலையில் இடது கரையைப் போட்டுவிட்டால் வலது கரைக்கு மெனக்கெட வேண்டாம், ஒரு கட்டளையில் கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுவிடும். அதே கட்டளையை இங்கும் தட்டினேன். பார்க்க அம்சமாக இருந்தது. காகிதத்தில் எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தார்.

“கிழக்கால சுவரே இல்லியேண்ணா. அந்தக் காலுங்கல்லாம் எதுக்கு பயந்து ஒதுங்கி நிக்குது?”

“ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா தானே மேடம் எடுப்பா இருக்கும்?”

“இது பொடவை இல்லண்ணா,” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் நான் எதை வரைந்து கொடுத்தாலும், “கரையெல்லாம் சரியா வந்திருக்குதாண்ணா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் தோன்றும்.

அந்தப் பார்வை இரும்போடு நிற்காது என்பதுதான் சங்கடம். ஒருநாள் தலைவலி என்று லீவு கேட்டுப் போன் செய்தேன். “சரிண்ணா. தலைவலிக்கு அடியில என்னா இருக்குது?” என்றார். வீட்டில் சண்டை, முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை என்பதை இரண்டே நிமிடத்தில் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். மத்தியானம் ஆபீஸுக்கு வரவழைத்து, தன் டிபன் பாக்ஸில் பாதியை என் பக்கம் தள்ளினார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் சைவம். நான் சாப்பிட்டேன், வீட்டில் சொல்லவில்லை.

அவர் தன்னைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஐயம்பேட்டைக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், அப்பா கான்கிரீட் வேலைக்குப் போனவர், இப்போது முட்டி தேய்ந்து வீட்டில் இருக்கிறார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆபீஸ் காகிதங்களிலெல்லாம் ஆபீஸ் விலாசம்தான் இருக்கும்.

அந்த வருடம் ஐயம்பேட்டை ரோட்டிலேயே ஒரு தறி ஷெட் வேலை வந்தது. பட்டு முதலாளி ஒருவர், ஐம்பது வயதிருக்கும், பதினாறு தறி போடுகிற அளவுக்கு இரும்பு ஷெட் கட்டுவதாக இருந்தார். அவருடைய பழைய ஷெட் மூன்று வருடம் முன்பு புயல் காற்றில் கூரையோடு கிளம்பிப் பக்கத்து வயலில் போய் விழுந்திருந்தது. தறியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் தோள் எலும்பு போய்விட்டது. பிறகு அவரால் தறியில் நூல் ஓட்டும் நாடாவை வீச முடியவில்லை. அதனால்தான் மேஸ்திரி கணக்கில் கட்டாமல் இன்ஜினியரைத் தேடி வந்தேன் என்றார் முதலாளி. மேடத்துக்குச் சொந்த ஊர்ப் பக்கத்தில் கிடைத்த முதல் வேலை அது. இந்த வேலை நன்றாக முடிந்தால் அந்த ரோட்டில் கட்டுகிற அத்தனை பேரும் இவரிடம்தான் வருவார்கள். இவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று ஆகிவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். எங்கள் இருவருக்குமே அது தெரிந்திருந்தது.

முதல் சந்திப்பில் முதலாளி சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

“ஐயம்பேட்டையில எந்தப் பக்கம் மேடம்?”

“பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி சார்,” என்றார் மேடம்.

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி பாதி ஊர் இருக்கிறது. முதலாளி தலையாட்டிக்கொண்டார். நான் வரைபடத்தைப் பிரித்து வைத்துப் பேச்சை மாற்றினேன்.

முதல் தூண் நிறுத்த நாள் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு மேடத்துக்குச் சென்னையில் வேலை. என்னைப் போகச் சொன்னார். ஈசானிய மூலைத் தூணைக் கிரேனில் தூக்கி போல்ட்டில் இறக்கினார்கள். தேங்காய் உடைத்தார்கள். அப்புறம் முதலாளி வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே நவதானியம், ஒரு காசு, முதல் பாவில் அறுத்த பட்டு நூல் கொஞ்சம். எங்கள் வீட்டிலும் தறி நடும்போது காலடியில் இப்படி ஒரு முடிச்சு வைப்பது உண்டு. அவர் இரும்புத் தூணைத் தறிக்கால் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். பேஸ் பிளேட்டுக்கு அடியில் ஒன்றரை அங்குலம் இடம் இருந்தது. குச்சியால் தள்ளி நடு மத்திக்கு அனுப்பினார்.

அது தப்பு என்று எனக்குத் தெரியும். மேடத்திடம் அத்தனை மாதம் இருந்துவிட்டுத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, முதலாளி கண் கலங்கியிருந்தார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. நானும் கும்பிட்டேன்.

சாயங்காலம் மேடம் போன் செய்தார்.

“தூணு நேரா நிக்குதாண்ணா?”

“நூல் புடிச்ச மாதிரி நிக்குது மேடம்.”

“அடியில க்ளீனா இருக்குதா?”

“க்ளீனா இருக்குது மேடம்,” என்றேன்.

அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்தது. விட்ட நேரங்களில் மற்ற தூண்களையும் நிறுத்திவிட்டார்கள். நாலாம் நாள் வெயில் வந்ததும் கிரவுட் ஊற்றிவிடலாம் என்று மேடமும் நானும் அவருடைய ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். ஈசானிய மூலையில் கூட்டமாக நின்றிருந்தார்கள். வெல்டர்கள், மேஸ்திரி, நடுவில் முதலாளி. பேஸ் பிளேட்டின் விளிம்புக்கு அடியிலிருந்து வெளுத்த முளைகள் நாலைந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பச்சைப்பயறு.

“பாத்தீங்களா மேடம்,” என்றார் முதலாளி. முகமெல்லாம் சிரிப்பு. “முளைப்பாரி மாதிரி முளைச்சிருக்குது. இத விட நல்ல சகுனம் இன்னா வேணும்?”

மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிளேடைச் செருகினார். அது பாதியில் நின்றது. இரண்டு மூன்று முறை குத்திப் பார்த்துவிட்டு வெளியே இழுத்தார். நுனியில் மஞ்சள் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். வயதானவர், வெள்ளந்தி. “பாப்பா, நீ நம்ம காலனி பொண்ணு இல்ல? உங்கப்பா கூட நான் எத்தனி தளம் போட்டிருக்கேன்! இன்ஜினியராயிட்டியா? அடேங்கப்பா!” என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மேடமும் எழுந்து, “ஆமா மாமா. அப்பா நல்லா இருக்காரு,” என்றார். முதலாளி சிரிப்பது நின்றுவிட்டது. கோபம் என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்ட முகம்.

மேடம் அவரிடம் திரும்பி, “சார், இத எடுக்கணும்,” என்றார்.

“சாமி பொருள் மேடம். வச்சத எடுக்கக் கூடாது.”

“துணி மக்கிப் போயிடும் சார். தானியமும் மக்கிப் போயிடும். அந்த இடம் பொந்தாயிடும். பொந்துல தண்ணி நிக்கும். போல்ட்டு துரு புடிக்கும். வெளிய இருந்து யாருக்கும் தெரியாது.”

“ஒரு கைப்பிடி தானியம். அதுக்கா ஷெட்டு பறந்துடும்?”

வேறு யாராக இருந்தாலும் ஆமாம், பறந்துவிடும் என்று சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன். மேடம் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஐந்து நிமிடம் இருக்கும்.

“பறக்காது சார்,” என்றார். “இன்னிக்கி கணக்குல நிக்குது. பத்து வருஷம் கழிச்சி நிக்குமான்னா என்னால சொல்ல முடியாது. சொல்ல முடியாததுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்.”

“வேற இன்ஜினியரு போடுவாரு.”

“போடட்டும் சார். அப்போ டிராயிங்ல இருக்கிற என் பேரை எடுத்துடுங்க.”

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். “நீங்க சர்ச்சுக்குப் போறவங்க மேடம். எங்க வழக்கம் உங்களுக்குப் புரியாது.”

“எங்கப்பா எத்தனையோ கடைக்கால் குழியில இத போட்டு மூடியிருக்காரு சார். குழியில போடுங்க, தரையில போடுங்க, நான் வேணாம்னு சொல்லல. பிளேட்டுக்கு அடியில வேணாம். முன்ன ஒருத்தருக்குத் தோளு போச்சுன்னு நீங்க தானே சொன்னீங்க?”

மேடம் என் பக்கம் திரும்பினார். இதைத்தான் நான் அத்தனை நேரமும் பயந்துகொண்டிருந்தேன்.

“நீங்க அன்னிக்கி இருந்தீங்க இல்லண்ணா?”

“இருந்தேன் மேடம்.”

“சரி,” என்றார். அவ்வளவுதான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

அந்த வெட்கத்தில்தான் வாயைத் திறந்தேன். “சார், எங்க வீட்டுல தறிக்கால் நடறப்ப முடிச்ச நேரா அடியில வைக்க மாட்டாங்க. பக்கத்துல தரையில தான் பொதைப்பாங்க. கால் மிதிச்சிக்கினு நின்னா சாமி பொருளுக்கு மரியாதை இல்லன்னு சொல்வாங்க,” என்றேன். எங்கள் வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. அந்த நிமிடத்தில் என் வாயில் வந்தது. மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி தள்ளிப் போய் ஐயருக்குப் போன் செய்தார். திரும்பி வந்து, “பக்கத்துல மாத்திக்கலாமாம்,” என்றார். மேடம் கைப்பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு குனியப் போனார். “நீங்க இருங்க மேடம், நீங்க இருங்க,” என்று முதலாளி அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார். மேஸ்திரி ஒரு எட்டு முன்னால் வந்தார், அவரையும் தடுத்தார். தானே தரையில் மண்டிபோட்டு, கம்பியால் இழுத்து, அந்த முடிச்சை வெளியே எடுத்தார். அதன்மேல் வெல்டரின் பீடித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு வாழை இலையில் வைத்தார். தூணுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் குழி தோண்டச் சொன்னார். நல்ல நேரம் மறுநாள்தான், கிரவுட்டும் அப்போதே என்று முடிவாயிற்று.

மறுநாள் நான் முன்னதாகப் போய்விட்டேன். குழியில் வைக்க முதலாளி கொண்டுவந்திருந்தது வேறு முடிச்சு. புது மஞ்சள் துணி, புதுத் தானியம்.

“பழசு இன்னா ஆச்சு சார்?”

“தென்னேரி ஏரியில வுட்டுட்டேன்பா.” குரலைத் தணித்துக்கொண்டார். “அந்தம்மா பிளேடால குத்திடுச்சி. இனிமே அது ஆவாது. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். பீடித் துண்டு ஒட்டியது ஆகும், மேடத்தின் பிளேடு பட்டது ஆகாது. காலனி என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகு அப்படி. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போதும் மறக்க முடியவில்லை.

மேடம் வந்தார். குழியையும் முடிச்சையும் பார்த்தார்.

“ஏண்ணா புதுசு? நேத்து இருந்தது நல்லா தானே இருந்துது?”

“முளைச்சத திரும்ப மண்ணுல வைக்கக் கூடாதாம் மேடம். ஐயர் சொன்னாராம்.”

மேடம் வாளியில் தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. “முளைச்சத தானேண்ணா மண்ணுல வைப்பாங்க,” என்றார்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது அன்றைக்கு ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

கிரவுட்டை ஒரே பக்கத்திலிருந்து ஊற்ற வேண்டும். நாலு பக்கமும் ஊற்றினால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் ஊற்ற ஊற்ற மற்ற மூன்று பக்கமும் வழிந்து வர வேண்டும், அப்போதுதான் அடியில் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். மேஸ்திரி ஊற்றினார். மேடம் எதிர்ப்பக்கம் தரையில் கன்னம் படாத குறையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி நின்று பார்த்தார். ஒரு வாளி போயிற்று, இரண்டாவதும் பாதி போயிற்று. “இன்னாபா இவ்ளோ குடிக்குது!” என்றார் முதலாளி. “இவ்ளோ இடம் காலியா இருந்துச்சு சார்,” என்றார் மேடம். மூன்று பக்கமும் சாம்பல் நிறக் கூழ் வழிந்து வந்ததும் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். அடுத்த தூணுக்குப் போனார். பதினாலு தூணுக்கும் அப்படியே பார்த்தார், வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

ஷெட் முடிந்தது. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று இன்ஜினியர் கொடுக்க வேண்டிய சர்ட்டிபிகேட்டை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கடைசியில் பெயர், படிப்பு, விலாசம். வழக்கம்போல் ஆபீஸ் விலாசத்தைப் போட்டேன்.

“வீட்டு அட்ரஸ் போடுங்கண்ணா.”

“சொல்லுங்க மேடம்.”

கதவு எண் சொன்னார். அப்புறம் காலனியின் பெயர், முழுசாக. அப்புறம் ஐயம்பேட்டை. என் விரல் நின்றது.

“மெயின் ரோடுன்னு போட்டுடலாமா மேடம்? கொரியர் வர்றதுக்கு சுலபமா இருக்கும்.”

“எங்க வீடு மெயின் ரோட்லயாண்ணா இருக்குது?”

காலனி என்று அடித்தேன். காகிதத்தை எடுத்து ஒருமுறை வாசித்தார். கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். முதலாளியிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த ரோட்டில் அதற்கப்புறம் ஐந்து வேலை வந்தது. எல்லாக் காகிதத்திலும் வீட்டு விலாசம்தான்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு ஹைதராபாத்தில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. ஆபீஸை மூடினார். என்னை வேறு ஒரு இன்ஜினியரிடம் சேர்த்துவிட்டுத்தான் போனார். இந்த இன்ஜினியர் நல்ல மனிதர், தூணை மேலிருந்து பார்க்கிறவர்.

போன ஆயுத பூஜைக்கு ஏதோ வரைபடம் கொடுக்க அந்தத் தறி ஷெட்டுக்குப் போயிருந்தேன். தறிகளுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். வாசலுக்கு உள்பக்கம் சுவரில் லட்சுமி படம், அதற்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு லைசென்ஸ், வரிசையாக மற்ற காகிதங்கள். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு சட்டத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். மூன்றாவது சட்டத்தில் மேடத்தின் சர்ட்டிபிகேட் இருந்தது. அதற்கும் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார்.

“இதுக்கு வருஷம் முடிஞ்சிருக்குமே சார்? புதுசு வாங்கணும் இல்ல?”

“வாங்கியாச்சு. ஃபைல்ல இருக்குது. இத கழட்டிட்டு அத மாட்டச் சொன்னாங்க. இது இருக்கட்டும்னுட்டேன்.” அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தார். “போன வருஷம் அடிச்ச காத்துல ஒரு தகரம் நகரலபா.”

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “கீழ வரைக்கும் படிச்சிருக்கீங்களா சார்?”

“குடுத்த அன்னிக்கே படிச்சேன்,” என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அந்தம்மா நின்னுக்கினு இருந்துது. படிச்சிட்டு தான் மாட்டினேன்.”

பொரியும் கடலையும் ஒரு பொட்டலத்தில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மேடத்தின் நம்பர் என் போனில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறேன், பொங்கலுக்கு அவரிடமிருந்து வருகிறது. தறி ஷெட் நன்றாக நிற்கிறது, சர்ட்டிபிகேட் சுவரில் இருக்கிறது என்று எழுதினேன். சந்தோஷம் அண்ணா என்று பதில் வந்தது. அன்றைக்கு முடிச்சை மாற்றியது ஏன் என்று எனக்குத் தெரிந்தும் ஐயர் தலையில் போட்டதை மட்டும் நான் இன்னும் எழுதவில்லை. அவருக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அப்படியும் எழுதவில்லை.